சூடும் உப்பும் இழுப்பும்: உலோகக்கலவைகள் ஏன் விரிசல் விடுகின்றன?

1974 மார்ச் 27. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் ஃபிளிக்ஸ்பரோ என்ற ஊரை ஒட்டியிருந்த ரசாயன ஆலை. வரிசையாக நிற்கும் ஆறு கலன்களில் ஐந்தாவதிலிருந்து, எளிதில் தீப்பற்றும் சைக்ளோஹெக்சேன் என்ற திரவம் கசிவதைப் பணியாளர்கள் கவனித்தார்கள். பார்த்தால், வெளிச்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். மறுநாள் அது ஏறத்தாழ ஆறடி நீளம் இருந்தது. கலன் ஒன்றும் நோஞ்சானாகக் கட்டப்பட்டதல்ல. வெளியே அரை அங்குல மென்னெஃகு, உள்ளே எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு உறை. உள்ளே வெப்பநிலை 155 டிகிரி செல்சியஸ், அழுத்தம் சுமார் 9 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு. எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் அந்தச் சுவர் இந்தச் சுமையைத் தாங்கியிருக்க வேண்டும்.

விசாரணையில் காரணம் வெளிவந்தது. கலக்கித் தண்டின் பக்கம் அவ்வப்போது லேசாகக் கசியும் சைக்ளோஹெக்சேனால் ஆபத்து வந்துவிடக் கூடாதே என்று, அதன்மேல் ஆலையின் குளிர்விப்பு நீரைக் குழாய் வைத்து ஊற்றிவந்திருக்கிறார்கள். அந்த நீரில் நைட்ரேட் கலந்திருந்தது. சூடான சுவரில் பட்ட நீர் ஆவியாகிவிட்டது, நைட்ரேட் மட்டும் தங்கிவிட்டது. நாளுக்கு நாள் அது அடர்ந்து, சூட்டிலும் இழுப்பிலும் நின்ற மென்னெஃகுக்குள் புகுந்து சுவரைப் பிளந்துவிட்டது. உள்ளே இருந்த ரசாயனத்தால் வந்த வினையல்ல இது, பாதுகாப்புக்காக வெளியே ஊற்றிய தண்ணீரால் வந்தது.

அதன் பிறகு நடந்தது பலரும் அறிந்த கதை. ஐந்தாம் கலனைக் கழற்றி எடுத்துவிட்டு, நான்கையும் ஆறையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். ஜூன் 1 அன்று அந்த இணைப்பு விட்டுப்போனது. வெளியேறிய ஆவி வெடித்ததில் 28 பேர் இறந்தார்கள். இந்த விபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தற்காலிகக் குழாயைத்தான் பேசுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் குழாய்க்கு வேலை வந்ததே ஒரு விரிசலால்தான் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

எஃகின் வலிமை என்று கையேட்டில் அச்சாகும் எண் எப்படிக் கிடைக்கிறது? ஒரு சிறு கம்பியை இயந்திரத்தில் பூட்டி, சுத்தமான காற்றில், சில நிமிடங்களுக்குள் இழுத்து அறுத்துப் பார்த்துக் கிடைப்பது அது. அந்த நிலைமைகளுக்கு அது உண்மையான எண்தான். ஆலையில் அதே எஃகு இருபது ஆண்டுகள், 500 டிகிரியில், உப்பும் கந்தகமும் ஹைட்ரஜனும் மேலே பட்டபடி நிற்க வேண்டும். சூட்டைத் தனியாகச் சோதித்திருப்பார்கள், அரிப்பையும் தனியாகச் சோதித்திருப்பார்கள். சூடு, அரிப்பு, இழுப்பு மூன்றும் கூடும் இடத்தில் நடப்பது அந்தத் தனித்தனிச் சோதனைகளின் கூட்டுத்தொகையாக இருப்பதில்லை.

முதலில் சூட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். சூடான உலோகம் சுமையின் கீழ் மெல்ல மெல்ல நீளும். பொறியாளர்கள் இதைக் கிரீப் என்பார்கள், தமிழில் ஊர்வு எனலாம். உருகுநிலையைக் கெல்வின் அளவில் எடுத்து, அதில் பத்தில் நான்கு பங்கைத் தாண்டினால் ஊர்வு கணக்கில் வந்துவிடும் என்பது பழைய கட்டைவிரல் விதி. ஈயம் 327 டிகிரி செல்சியஸில், அதாவது 600 கெல்வினில் உருகுகிறது. சாதாரண அறை வெப்பநிலையே அதற்குப் பாதி வழி. அதனால்தான் பழைய கட்டடக் கூரைகளில் வேய்ந்த ஈயத் தகடுகள் தம் எடையைத் தாமே தாங்காமல் பல்லாண்டுகளில் சரிந்து இறங்குகின்றன. சாதாரண கார்பன் எஃகில் 370 டிகிரி வாக்கிலேயே வடிவமைப்பாளர் இதை எண்ணத் தொடங்கிவிட வேண்டும்.

இங்கே காலம் ஒரு சுமையாகவே வந்து சேர்கிறது. 1952-இல் லார்சனும் மில்லரும் வெப்பநிலையையும் ஆயுளையும் ஒரே சூத்திரத்தில் கட்டினார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டால், 550 டிகிரியில் 1,00,000 மணி நேரம், அதாவது பதினோரு ஆண்டுகளுக்குச் சற்று மேல் தாங்கும் ஒரு குழாய், அதே சுமையில் 560 டிகிரியில் அதில் பாதிக் காலமே தாங்கும். பத்து டிகிரி! கொதிகலனில் ஒரு குழாயின் உட்புறம் படிவு படிந்தாலே சுவர் அந்த அளவு கூடுதலாகச் சூடேறிவிடும். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மானி ஆவியின் வெப்பத்தைக் காட்டும், குழாய்ச் சுவரின் வெப்பத்தைக் காட்டாது.

ஊர்வு எங்கே விரிசலாக மாறுகிறது என்று பார்த்தால் இந்தத் துறையின் பெரும்பாலான கதைகளுக்கு ஒரு சாவி கிடைக்கும். உலோகம் வெறுங்கண்ணுக்கு ஒரே கட்டியாகத் தெரிந்தாலும், உள்ளே நுண்ணிய படிகப் பரல்கள் நெருக்கி அடுக்கியதுதான். பரலும் பரலும் சந்திக்கும் எல்லையில் அணுக்களின் ஒழுங்கு கலைந்திருக்கும். குளிரில் அந்த எல்லை வலிமை தருகிறது. சூட்டில் அதே எல்லை வழுக்குகிறது. எல்லையில் நுண்துளைகள் பிறந்து, கோர்த்து, கோடாகி, கடைசியில் பிளவாகின்றன. அரிக்கும் பொருள்களும் பெரும்பாலும் இந்த எல்லை வழியைத்தான் தேடிப் போகின்றன. ஃபிளிக்ஸ்பரோவில் நைட்ரேட் போனதும் பரல் எல்லை வழியாகத்தான்.

விமான எஞ்சினின் டர்பைன் அலகுகளில் (பிளேடுகளில்) இதற்குக் கண்ட தீர்வு துணிச்சலானது: எல்லையே வேண்டாம் என்று ஒரு அலகு முழுவதையும் ஒற்றைப் படிகமாக வார்த்துவிடுகிறார்கள். அந்த நிக்கல் கலவைகளுக்குள் நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த நுண்கட்டங்கள் செங்கல் அடுக்கியதுபோல் நிற்கும். அவற்றின் வலிமை வெப்பம் ஏற ஏறக் குறைவதற்குப் பதில், ஏறத்தாழ 700, 800 டிகிரி வரை கூடிக்கொண்டே போகும். இயற்கையில் அபூர்வமான குணம் இது. கலவை உருகத் தொடங்கும் வெப்பத்தையே தாண்டிய வாயு ஓட்டத்தில் அந்த அலகுகள் நின்று சுழல்வதற்கு, உட்புறக் காற்றுக் குளிர்விப்பும் பீங்கான் பூச்சும் துணை. ஆனாலும் சுமையைத் தாங்குவது அந்தச் செங்கல் அடுக்குதான்.

அடுத்தது அரிப்பு. சூடான காற்றில் வைத்தால் எல்லா எஃகும் ஆக்சைடாகும், கேள்வி அந்த ஆக்சைடு என்ன செய்கிறது என்பதுதான். 1923-இல் பில்லிங், பெட்வொர்த் இருவரும் எளிய ஒரு விகிதத்தை முன்வைத்தார்கள்: ஓர் உலோகம் ஆக்சைடாகும்போது கன அளவு குறைந்தால் படலம் கிழிந்து மேற்பரப்பை மூடாது. மெக்னீசியம் அப்படிப்பட்டது. அலுமினியமும் குரோமியமும் மூடும். துருப்பிடிக்காத எஃகில் துருவைத் தடுப்பது இந்த மூடும் குணம்தான். கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடுப் படலம், கீறினால் தானே மறுபடி வளர்ந்துகொள்கிறது. சுமார் 1,000 டிகிரிக்கு மேல் குரோமியம் ஆக்சைடே ஆவியாகத் தொடங்கும், அங்கே அலுமினியம் ஆக்சைடை நம்ப வேண்டியிருக்கிறது.

இந்தப் படலம் தோற்பது உருகிய உப்பிடம். கடல் காற்றில் வரும் சோடியமும் எரிபொருளில் இருக்கும் கந்தகமும் சேர்ந்தால் சோடியம் சல்பேட். அது 884 டிகிரியில் உருகி, கண்ணாடிப் பூச்சுபோல் அலகின்மேல் படர்ந்து, காக்கும் ஆக்சைடைக் கரைக்கிறது. கனரக எரியெண்ணெயில் வனேடியம் இருந்தால் இன்னும் மோசம், அதன் ஆக்சைடு 700 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும். ஒரு காலத்தில் டர்பைன் கலவை செய்வோர் அதிக வலிமைக்காகக் குரோமியத்தைக் குறைத்து அலுமினியத்தைக் கூட்டினார்கள். வலிமை வந்தது. கூடவே, உப்பு அரிப்பும் தலைவிரித்தாடியது. பூச்சுகள் கட்டாயமானது அதன் பிறகுதான்.

இனி மூன்றும் கூடுமிடம். தகைவு அரிமான விரிசல் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான்; தகைவு என்பது உலோகத்துக்குள் நிற்கும் இழுப்பு, அரிமானம் என்பது அரிப்பு. அதற்கு மூன்று வேண்டும்: அதற்கு ஆளாகக்கூடிய உலோகம், அந்த உலோகத்துக்கென்றே அமைந்த ரசாயனம், இழுக்கும் விசை. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் விரிசல் இல்லை. இழுக்கும் விசை வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை என்பதுதான் பலரும் தவறவிடும் இடம். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் சேமித்து வைத்த பித்தளைத் தோட்டாக் குப்பிகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. யாரும் சுடவில்லை, எதுவும் அழுத்தவில்லை. குதிரை லாயங்களிலிருந்து வந்த அம்மோனியாவும், குப்பியை இழுத்து உருவாக்கியபோது உள்ளேயே தங்கிவிட்ட தகைவும் போதுமாக இருந்தன. 1921-இல் இதை விளக்கினார்கள். செய்து முடித்த குப்பியை லேசாகச் சூடேற்றி உள்தகைவைத் தளர்த்துவதே மருந்து. இன்றைக்கு வெல்டிங் செய்த பின் வெப்பச் சிகிச்சை கொடுப்பதும் இதே காரியம்தான்.

விரிசலின் முனையில் நடப்பதை மனக்கண்ணில் பாருங்கள். இழுப்பால் முனையில் உலோகம் சற்றே நெகிழ்கிறது, படலம் கிழிகிறது. பளிச்சென்ற வெற்று உலோகம் ரசாயனத்துக்கு முகம் காட்டுகிறது. அரிப்பு அந்த ஒரு புள்ளியில் பாய்கிறது. படலம் மீண்டும் வளர்கிறது, மீண்டும் கிழிகிறது. விரிசலின் இரு பக்கச் சுவர்களும் படலத்தால் பத்திரமாக மூடியிருப்பதால் அரிப்பு அகலமாகப் பரவாமல் கத்திபோல் உள்ளே போகிறது. படலமே இல்லாத உலோகமாக இருந்தால் மேற்பரப்பு முழுதும் சமமாகக் கரைந்து, தேய்ந்து, எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். நன்றாகக் காக்கும் படலம் உள்ள கலவையில்தான் இந்த ஒளிந்த விரிசல் வாய்க்கிறது.

துருப்பிடிக்காத எஃகுக்கு இந்த வகையில் எதிரி குளோரைடு. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட சாதாரண ரகம், 60 டிகிரிக்கு மேல் குளோரைடு கலந்த ஈரத்தில் விரிசல் விடும் என்பது தொழிலில் புழங்கும் எல்லைக்கோடு. 1959-இல் கோப்சன் என்ற ஆய்வாளர் கொதிக்கும் மெக்னீசியம் குளோரைடில் வெவ்வேறு நிக்கல் அளவுள்ள கம்பிகளை இழுத்துவைத்துப் பார்த்தார். மிக விரைவில் அறுந்தவை நிக்கல் 8 விழுக்காட்டை ஒட்டியவை. உலகம் எந்த ரகத்தை மிக அதிகமாக வார்க்கிறதோ, சரியாக அந்த இடம். நிக்கல் 45 விழுக்காட்டைத் தாண்டிய கம்பிகள் அறுந்துபோகவே இல்லை.

60 டிகிரி என்ற கோட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 1985 மே 9 அன்று சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஓர் உள்ளரங்க நீச்சல் குளத்தின் கான்கிரீட் உட்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய துருப்பிடிக்காத எஃகுத் தொங்கு கம்பிகள் குளோரைடால் விரிந்திருந்தன. அங்கே யாரும் எதையும் கொதிக்க வைக்கவில்லை. குளத்து நீரின் ஆவி கம்பியில் படிந்து காய்ந்து, காய்ந்து படிந்து அடர்ந்த மென்படலமே போதுமாக இருந்தது. கழுவ ஆள் எட்டாத இடம் வேறு. சூடு குறைவாக இருந்தால், அடர்த்தி அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது.

அப்படியானால் நிக்கலைக் கூட்டிவிட்டால் தீர்ந்ததா? அணு உலைகளின் நீராவி இயற்றிக் குழாய்களுக்கு எழுபது விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் உள்ள 600 என்ற கலவையைத் தேர்ந்ததன் பின்னணியில் இந்தக் குளோரைடு அச்சம் இருந்தது. அதே 1959-இல் பிரெஞ்சு அணுசக்தி ஆணையத்தைச் சேர்ந்த ஆன்றி கோரியூவும் அவரது குழுவினரும், குளோரைடே இல்லாத மிகத் தூய நீரில், 350 டிகிரியில் அந்தக் கலவை விரிவதைக் காட்டினார்கள். பல ஆண்டுகள் பலர் அதை ஏற்கவில்லை. 1991-இல் பிரான்சின் புஜே நிலைய மூன்றாம் உலையின் கலன் மூடியில், அதே கலவையால் ஆன ஒரு குழல் விரிந்து கசிந்தது.

2002 மார்ச்சில் அமெரிக்காவின் ஒஹாயோவில் டேவிஸ்-பெஸ் உலையில் கண்டது இன்னும் கொடியது. 600 கலவைக் குழலின் நுண்விரிசல் வழியே போரிக் அமிலம் கலந்த நீர் கசிந்து, மூடியின்மேல் காய்ந்து அடர்ந்து, பதினாறு சென்டிமீட்டருக்கும் மேல் தடித்த எஃகு மூடியைக் குடைந்து தள்ளியிருந்தது. எஞ்சி நின்றது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துருப்பிடிக்காத எஃகு உறை. உள்ளே அழுத்தம் 150 பாரை ஒட்டி. அந்த மெல்லிய உறை எத்தனை நாளாக அதைத் தனியே தாங்கி நின்றது என்று எண்ணிப் பார்க்கவே மனம் பதறுகிறது. குரோமியத்தை முப்பது விழுக்காடு அளவுக்கு உயர்த்திய 690 கலவை இப்போது அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது.

ஹைட்ரஜன் வேறு வழியில் வருகிறது. அது மேற்பரப்பைத் தொடாததுபோல் இருந்துகொண்டு உலோகத்தின் உள்ளே நடந்து போய்விடும். அம்மோனியா தயாரிப்பை ஆலை அளவுக்குக் கொண்டுவரப் பாடுபட்ட கார்ல் போஷ், தன் முதல் எஃகுக் குழாய்கள் சுமார் 80 மணி நேரத்தில் வெடித்ததைக் கண்டார். உடைந்த குழாயை நுண்ணோக்கியில் பார்த்தபோது உட்புறத்தில் கார்பன் இல்லை. ஹைட்ரஜன் எஃகின் கார்பைடோடு (இரும்பும் கார்பனும் சேர்ந்த பொருளோடு) சேர்ந்து மீத்தேனாகிவிட்டிருந்தது. ஹைட்ரஜன் அணு எஃகினூடே நழுவிப் போகும், மீத்தேன் மூலக்கூறு போகாது. பரல் எல்லையில் சிக்கி, அழுத்தமாகி, உள்ளிருந்தே பிளக்கும். அவர் கண்ட தீர்வு எனக்கு எப்போதும் வியப்பு: உள்ளே கார்பன் இல்லாத மெல்லிரும்பு உறை, அழுத்தத்தைத் தாங்க வெளியே எஃகு, அந்த எஃகில் வேண்டுமென்றே இட்ட சிறு துளைகள். ஹைட்ரஜனைத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, அது எஃகுக்குள் தங்காமல் வெளியேற வழிவிட்டார். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் அந்த அம்மோனியா ஆலை ஓடத் தொடங்கியது.

பின்னாளில் குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த எஃகுகள் வந்தன. அவற்றின் கார்பைடு ஹைட்ரஜனுக்கு எளிதில் மசியாது. எந்த எஃகு எந்த வெப்பத்திலும் ஹைட்ரஜன் அழுத்தத்திலும் பத்திரம் என்று சொல்லும் நெல்சன் வரைகோடுகள் 1949 முதல் புழக்கத்தில் உள்ளன. ஆலைகளின் அனுபவத்தைத் திரட்டி வரைந்த கோடுகள் அவை. 2010 ஏப்ரல் 2 அன்று அமெரிக்காவின் அனகார்டஸ் சுத்திகரிப்பு ஆலையில் 38 ஆண்டுப் பழைய கார்பன் எஃகு வெப்பப் பரிமாற்றி ஒன்று பிளந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். மதிப்பிட்ட இயக்க நிலைமைகள் அந்தக் கோட்டின் பத்திரமான பக்கத்தில்தான் இருந்தன. நினைத்ததைவிடச் சூடான பகுதிகள் உள்ளே இருந்திருக்கலாம், கோடே தளர்வாக இருந்திருக்கலாம் என்ற இரு கேள்விகளும் விசாரணையில் எழுந்தன. அந்தக் கோட்டை மட்டும் நம்பி எஃகைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அதன் பிறகு ஆட்டம் கண்டது.

ஆலைகளில் பெரும்பாலும் எடுப்பது சுவர்த் தடிமன் அளவு. மீயொலிக் கருவியைக் குழாயில் வைத்தால் மில்லிமீட்டர் கணக்கில் எண் தெரியும், பதிவேட்டில் ஏறும். தகைவு அரிமானத்தில் சுவர் தேய்வதே இல்லை. விரிசல் விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாலும் முழுத் தடிமன்தான் காட்டும். துருப்பிடிக்காத எஃகில் இந்த விரிசலைக் கண்ணால் பார்க்க வைக்கும் எளிய வழி, டை பெனட்ரன்ட் சோதனை. பரப்பைத் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்து, பத்து இருபது நிமிடம் ஊறவிட வேண்டும். பிறகு துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வெள்ளைத் தூளைத் தெளிக்க வேண்டும். முதலில் வெறும் வெள்ளை. சற்று நேரத்தில் மயிரிழைபோல் ஒரு சிவப்பு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை, இலையுதிர்ந்த மரம்போல் விரிந்து நிற்கும். அந்த மரத்தை வெல்டிங் ஓரத்தில் பார்த்துவிட்டால், அதே தண்ணீர் பட்ட மற்ற வெல்டிங்குகளை எல்லாம் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

வெல்டிங் ஓரம் என்றதும் இன்னொன்று. துருப்பிடிக்காத எஃகை 450 முதல் 850 டிகிரி வரை உள்ள வெப்பத்தில் சிறிது நேரம் வைத்தால், கார்பனும் குரோமியமும் பரல் எல்லையில் கார்பைடாகக் கூடிவிடும். எல்லையை ஒட்டிய பகுதியில் குரோமியம் வறண்டு, அங்கே படலம் நிற்காது. கார்பனை 0.03 விழுக்காட்டுக்குள் அடக்குவது, அல்லது கார்பனைக் கவ்விக்கொள்ள டைட்டானியமோ நயோபியமோ சேர்ப்பது இதற்கு வழி.

இப்படி எல்லை வறண்ட எஃகுக்குச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஆபத்து அதிகம் வருவது ஓடும்போதல்ல, நிறுத்தும்போது. கந்தகம் கலந்த எண்ணெய் ஓடிய உலைக் குழாய்களின் உட்புறம் இரும்பு சல்ஃபைடு படிந்திருக்கும். சூட்டில் அது சும்மா கிடக்கும். பழுதுபார்க்க ஆலையை நிறுத்தி, குழாயைக் குளிரவிட்டுத் திறந்ததும் காற்றும் ஈரமும் நுழையும். சல்ஃபைடு பாலிதயோனிக் அமிலமாகும். ஆண்டுக்கணக்கில் சூட்டைத் தாங்கிய குழாய், குளிர்ந்து கிடக்கும் சில மணி நேரங்களில் விரிந்துவிடும். இதைத் தடுக்க, திறப்பதற்கு முன் சோடா உப்புக் (சோடியம் கார்பனேட்) கரைசலால் உள்ளே முழுக்க நனைக்கிறார்கள். நனைத்ததைக் கழுவிவிடாமல், மெல்லிய வெள்ளைப் படிவாகக் காயவிடுகிறார்கள். அந்தச் சோடா உப்பிலும் கரைக்கும் நீரிலும் குளோரைடு மிகக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே துருப்பிடிக்காத எஃகை விரித்துவிடும். குளோரைடை அடக்கச் சிலர் கரைசலில் சிறிது சோடியம் நைட்ரேட் சேர்ப்பார்கள். அளவு மீறிவிடக் கூடாது. நைட்ரேட் கூடினால், அதே கரைசல் படும் கார்பன் எஃகுப் பகுதிகள் விரியும், ஃபிளிக்ஸ்பரோவின் ஐந்தாம் கலனைப் போல.